மதிலில் பழகிய கால்கள்

குதிரை ஓட்டுவது முதுகிலும் கையிலும் இருக்கிற வித்தை என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் நினைக்கிறார்கள். சுத்தப் பொய். வித்தை முழுவதும் காலில் இருக்கிறது. அந்தக் காலை நான் குதிரைமேல் இருந்து பழகவில்லை, எங்கள் வீட்டு வளவு மதில்மேல் இருந்து பழகினேன். அதனால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எழுதத் தொடங்கவே கோபம் வருகிறது. வரட்டும், நான் அதை மறைக்கப் போவதில்லை.

முப்பதுகளின் நடுவில் நான் நெடுந்தீவில் அரசாங்க மருத்துவிச்சியாக இருந்தேன். புருஷன் காய்ச்சலில் போன பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் படித்து, வெள்ளைச் சேலையும் கைப்பெட்டியுமாக ஊருக்கே திரும்பி வந்தவள். முழுத் தீவுக்கும் நான் ஒருத்திதான். துறைக்குக் கிட்ட எங்கள் அப்பா கட்டின வீட்டில் இருந்தேன். வீடு என்னுடையது அல்ல. என் பங்கு புருஷனின் வருத்தத்துக்கு வைத்தியம் பார்த்ததோடு போய்விட்டது. வீடும் வளவும் மதிலோரத்துப் பனை வரிசையும் என் ஒரே தங்கைக்குச் சீதனமாக எழுதினவை. அவள் புருஷன் மாடு வளர்க்கிறவன், மேய்ச்சல் நிலம் தீவின் மேற்கு முனைப் பக்கம். ஆகவே அவள் அங்கே அவனுடைய வீட்டில், நான் இங்கே அவளுடைய வீட்டில்.

முதல் பிள்ளையின் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. முறைப்படி தங்கை பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டும். தாய் எப்போதோ போய்விட்டா. தாய்வீடு என்றால் நான் இருக்கிற வீடுதான். நாள் நெருங்க அவளை மாட்டுவண்டிலில் ஏற்றி அனுப்பினார்கள். மாரி தொடங்கியிருந்தது. தெரு என்று எங்கள் ஊரில் சொல்வது, பவளப்பாறையை உடைத்து அடுக்கின இரண்டு முருகைக்கல் மதில்களுக்கு நடுவே மழை தோண்டிவிட்ட பாறை. வண்டில் ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழும்ப, பாதி வழியில் அவளுக்குப் பேற்றுக் குத்துத் தொடங்கிவிட்டது. நான் இங்கே தண்ணீர் கொதிக்கவைத்து, துணி அவித்து, வாசல் படலையையும் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்கிறேன். வண்டில் வந்தது. தங்கையின் மடியில் சேலைத் துண்டில் சுற்றின பொட்டலம் ஒன்று இருந்தது. பொடியன். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றி இறுகியிருந்தது.

அவள் அழவில்லை. "அக்கா, நீ பக்கத்திலை நிண்டிருந்தா இவன் இருந்திருப்பான்" என்றாள். உண்மைதான். ஒரு விரலை உள்ளே விட்டுக் கொடியை எடுத்துவிடுவது எனக்கு ஒரு மூச்சு நேர வேலை. ஊரார் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் செய்திருப்பேன். என் தங்கையின் பிள்ளைக்குச் செய்யக் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்த முறையும் மாரிக்குள்தான் நாள். நான் போய்ப் பார்த்து, இப்போதே என்னோடு வந்து இரு என்று கெஞ்சினேன். "அந்தத் தெருவாலை இனி நான் வரமாட்டன். செத்தாலும் இஞ்சைதான் சாவன். ஏலுமெண்டா நீ வா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் போய் ஒரு மாதம் அவளோடு இருக்கலாமா? அதுவும் ஏலாது. தீவின் ஒவ்வொரு மூலையிலும் வயிற்றோடு ஒருத்தி இருப்பாள். எல்லாரும் தேடிவருவது துறையடி வீட்டுக்குத்தான்.

இனி ஒரே வழி, ஆள் வந்து கூப்பிட்டவுடன் நான் போய்ச் சேர்வது. நடந்தால் வெயில் காலத்திலேயே அரைநாள். மழைக்குள் நடுத்தீவுப் புல்வெளியெல்லாம் தண்ணீர் நின்றுவிடும், சுற்றித்தான் போகவேண்டும். ஆனால் அந்தத் தண்ணீரைக் குறுக்கே கடந்து போகிறவை உண்டு. எங்கள் ஊர் மட்டக்குதிரைகள்.

அந்த வெளியில் குதிரைகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன, ஆனால் ஏறி இருந்தால் சொன்ன பக்கம் போகிற குதிரை, சேணத்தோடு, பக்கத்து வளவு அண்ணையிடம்தான் இருந்தது. துறைக்கு வள்ளம் வருகிற நாட்களில் தபால் பையை ஏற்றிவருகிறவர் அவர். குட்டியாகப் பிடித்து அவரே அடக்கின செம்பட்டைக் குதிரை. நான் போய்க் கேட்டேன்.

"பொம்பிளையள் குதிரை ஏறுறதோ?" என்றார்.

"பொம்பிளையள் பிள்ளை பெறுகினம் எல்லே அண்ணை. அப்ப ஏறலாம்" என்றேன்.

குசினிக்குள் இருந்து அவருடைய மனைவி சிரிப்பது கேட்டது. "குடுங்கோவன். எங்கடை கடைசிப் பெடியனை எடுத்தவ அவதானே" என்று அவ சொன்னதால் மனிதர் ஓம் என்றார். வள்ளம் வராத நாட்களில் பின்னேரம் ஒரு சுற்று.

என் புருஷனின் பழைய களிசான், நீளக் காற்சட்டை, ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. அதைப் போட்டு, மேலே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். முதல் நாளே விழுந்தேன். ஏறி இருந்த உடனேயே பயத்தில் முழங்கால் இரண்டும் மேலே ஏறிவிட்டன. தொடையால் சேணத்தை நெரித்துப் பிடித்தேன். முழங்கால் ஏறினால் குதிக்கால் பின்னுக்குப் போகும், போய்க் குதிரையின் வயிற்றில் தட்டும். வயிற்றில் தட்டினால் குதிரைக்கு அது ஓடு என்கிற உத்தரவு. ஓடியது. நான் இன்னும் நெரித்தேன், அது இன்னும் ஓடியது. கடைசியில் ஈச்சம் பற்றைக்குள் கிடந்தேன். அடுத்த முறையும் அதே கதை, அதே பற்றை.

அண்ணை வந்து குதிரையைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உமக்குக் கடிவாள வாரிலை பிழையில்லை, முதுகிலை பிழையில்லை. கால்தான் பேய்க்கால். அது திருந்துமட்டும் என்ரை குதிரையிலை ஏறாதையும்."

"குதிரை இல்லாமல் கால் எப்பிடி அண்ணை திருந்தும்?"

"அது உம்மடை பாடு" என்று போய்விட்டார்.

முள்ளுப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பேற்று நேரத்தில் பயந்து தொடையை இறுக்குகிற பெண்களிடம் நான் ஓயாமல் கத்துகிற சொல் என்ன? 'இறுக்காதை, காலை விடு, மூச்சை விடு.' இடுப்பு மூட்டு திறக்காமல் எதுவும் நடக்காது என்று படித்தவள் நான். என் இடுப்பே பூட்டிக் கிடக்கிறது. இதற்குக் குதிரை எதற்கு, பாய் போதும் என்று தோன்றியது.

மறுநாளே தொடங்கினேன். குசினி வாசற்படியில் முன்பாதத்தை மட்டும் வைத்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குதிக்காலைக் கீழே கீழே இறக்குவேன். கெண்டைக்கால் நரம்பு கொதிக்கும். கொதிக்கட்டும் என்று உலை கொதிக்குமட்டும் நிற்பேன். அரிசி இடிக்கும்போது காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, சேணத்தில் இருக்கிறவள் மாதிரி நின்றே உலக்கை போடுவேன். பாயில் ஒருக்களித்துப் படுத்து மேற்காலை நேராக வைத்துப் பின்னுக்குக் கொண்டுபோவேன். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மற்றக் காலை நீட்டிக் கிடப்பேன். இடுப்பின் முன்பக்கம் இழுத்து வலிக்கும். பேற்றுக்கு என்னைக் கூப்பிட வந்த மனிசி ஒருத்தி இந்தக் கோலத்தில் என்னைக் கண்டு, "மருத்துவிச்சிக்கு விசரெண்டு சொல்லுகினம், சரிதான்" என்று என் முகத்துக்கு நேரேயே சொன்னாள்.

எல்லாம் செய்தும் ஒரு குறை இருந்தது. கால் இரண்டு பக்கமும் தொங்க வேண்டும். குதிரையின் அகலத்துக்கு ஏதாவது நடுவில் வேண்டும். எங்கள் ஊரில் அந்த அகலத்தில் தடக்கி விழுகிற இடமெல்லாம் இருப்பது மதில். எங்கள் வளவுக்கும் அண்ணையின் வளவுக்கும் நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒன்று. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினது. உச்சியில் ஒரு சாக்கைப் போட்டு ஏறி இருந்தேன். ஒரு கால் எங்கள் பக்கம், ஒரு கால் அவர் பக்கம்.

அந்த மதிலில்தான் என் கால் கால் ஆகியது. முதலில் இரண்டு தொடையையும் மதிலை விட்டுத் தூக்குவேன். தூக்கினால் நெரிக்க முடியாது. பிறகு மெல்ல விடுவேன், தொடையின் உட்பக்கம் தட்டையாகக் கல்லோடு கிடக்குமட்டும். முழங்காலைக் கீழே பார்க்க விடுவேன். விரல்களை மேலே தூக்கிக் குதிக்காலை நிலத்தைப் பார்க்க இறக்குவேன். கண்ணை மூடிக்கொண்டு, குதிரை ஓடுகிறது, முன்னுக்குத் தண்ணீர், தங்கை கத்துகிறாள் என்று நினைப்பேன். நினைத்தவுடன் முழங்கால் மேலே ஏறும். 'இறுக்காதை, மூச்சை விடு' என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொல்லி மறுபடியும் இறக்குவேன். எத்தனை பின்னேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. தெருவால் போகிறவர்கள் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு போனார்கள். ஆசைப்பட்டுக் குதிரை ஏறப் போகிறாளாம் கைம்பெண் என்று கதை கட்டினார்கள். கட்டினால் கட்டட்டும், என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பொட்டலம்தான் நின்றது.

புரட்டாதியில் அண்ணை மறுபடியும் குதிரையைத் தந்தார். விழவில்லை. குதிரை நடந்தது, பிறகு மெல்ல ஓடியது, நிறுத்தென்றால் நின்றது. அவர் ஏசவில்லை. அதுவே போதும். எனக்குச் சந்தோஷத்தில் அழவேண்டும் போல இருந்தது. இந்தப் பிள்ளை தப்பிவிடும் என்று அன்றைக்குத்தான் முதல் முதல் நம்பினேன்.

முதல் மழை பெய்த அடுத்த நாள் மதிலில் ஏறிக் காலைப் போடும்போது உச்சிக் கல் வரிசை அப்படியே அண்ணையின் பக்கம் சரிந்துவிட்டது. என் மேல் பிழை இல்லை, மழை அடிக்கல்லை இளக்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டில் இருந்து பேற்றுக்கு ஆள் வந்து நிற்கிறது. அவசர அவசரமாகக் கல் எங்கே விழுந்ததோ அந்த இடத்திலேயே அடுக்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அண்ணை மதிலடியில் நின்றார். கையில் ஒரு பனைமட்டை. அதை வைத்து நிலத்தை அளந்திருக்கிறார்.

"உது என்ன?"

"மதில் சரிஞ்சுது அண்ணை. அடுக்கிவிட்டனான்."

"அடுக்கினனீரோ, அரக்கினனீரோ? ஒரு சாண் என்ரை பக்கம் வந்திருக்கு."

"கல்லு விழுந்த இடத்திலை வைச்சனான். எனக்கெதுக்கு உங்கடை சாண்?"

"இவ்வளவு நாளும் ஒரு காலை என்ரை காணிக்குள்ளை தொங்கவிட்டுக்கொண்டு இருந்தது இதுக்குத்தானே? நான் ஒரு பேயன், கால் பழகிறா எண்டு நம்பினனான்."

இதை வெளியூரார் கேட்டால் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தும் விட்டேன். எங்கள் ஊரில் எல்லைச் சண்டையில் சிரிக்கக் கூடாது. அந்த மதில் ஆருடையது என்று அப்பா காலத்திலேயே இழுபறி இருந்தது. மதிலும் தங்களுடையது, மதிலுக்கு எங்கள் பக்கம் ஒரு முழ நிலமும் தங்களுடையது என்று அவர்கள் சொல்வார்கள். அந்த முழத்தில்தான் பனை வரிசை நிற்கிறது. அப்பா செத்ததோடு அந்தக் கதையும் செத்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அது மதிலுக்குள் படுத்துக் கிடந்திருக்கிறது. போதாதற்கு என் வாய் வேறு. "உங்கடை சாணிலை என்ன முத்தோ விளையுது? கல்லும் நாயுருவியும்தானே" என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய முகம் கறுத்தது. "ஊர்காவற்றுறைக் கோட்டிலை வழக்கு வைச்சுக் கதைப்பம்" என்றார்.

"இந்தா, இப்பவே பழைய இடத்திலை வைக்கிறன்" என்று கல்லில் கை வைத்தேன்.

"தொடாதையும்! கோட்டார் வந்து பார்க்குமட்டும் ஒரு கல்லும் அசையக்கூடாது. குதிரையும் இனி இல்லை."

கோதாரி! ஒரு சாண் நிலத்துக்காக ஒரு பிள்ளையின் உயிர். அவருடைய கடைசி மகனை இந்தக் கையால்தானே எடுத்தேன் என்று கேட்டுப் பார்த்தேன். "அது வேறை, இது வேறை" என்றார். அவருடைய மனைவி கிணற்றடியில் என்னைக் கண்டு, "நானும் சொல்லிப் பார்த்தனான் தங்கச்சி, மனிசன் கேக்கிறாரில்லை" என்று கண்ணைத் துடைத்தா. ஐப்பசி முழுக்க மழை. நான் குப்புறக் கவிழ்த்த உரலின்மேல் ஏறி இருந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். குதிரை இல்லாமல் குதிரைக்காரியின் கால். என்னை நினைக்க எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனாலும் விடவில்லை, விட்டால் தங்கையைக் கைவிட்டதாக ஆகிவிடும் போல இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் தாண்டிய நேரம் தங்கையின் புருஷன் படலையில் வந்து நின்றான். தலையிலிருந்து கால்வரை தண்ணீர்.

"மச்சாள், விடியக் குத்துத் தொடங்கினது. பன்னீர்க்குடமும் உடைஞ்சிட்டுதாம், உங்களைக் கெதியாக் கூட்டிக்கொண்டு வரட்டாம். வெளியெல்லாம் வெள்ளம். சுத்தித்தான் வந்தனான்."

அவன் வந்த வழியே நடந்தால் நான் போய்ச் சேர நடுச்சாமம் ஆகிவிடும். பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே அண்ணையின் வளவுக்குள் போனேன். பின்னால் தங்கையின் புருஷனும் வந்தான். குதிரை கொட்டிலில் நின்றது. அண்ணை வாசலில் கதிரையைப் போட்டு மழை பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்குமட்டும் கேட்டார்.

"குதிரை தாறன்" என்றார். அவருடைய காலில் விழப் பார்த்தேன். "அதுக்கு முதல் ஒண்டு. மதில் எங்கடை, உங்கடை பக்கத்து முழமும் எங்கடை எண்டு உம்மடை வாயாலை சொல்லும். கோடும் வேண்டாம், வழக்கும் வேண்டாம்."

"காணி என்ரை இல்லை அண்ணை. அது தங்கச்சியின்ரை சீதனம்."

"அவவின்ரை புருஷன் உதிலை நிக்கிறார்தானே. அவர் சாட்சி."

நான் திரும்பித் தங்கையின் புருஷனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் நிற்கிறேன். பிறகு அவன் தலையைத் தூக்காமலே சொன்னான். "சொல்லுங்கோ மச்சாள். கெதியாச் சொல்லுங்கோ."

"மதில் உங்கடை. முழமும் உங்கடை. அதிலை நிக்கிற பனையும் உங்கடை. குதிரையை அவிழுங்கோ!" என்று கத்தினேன்.

குசினிக்குள் இருந்து அவருடைய மனைவி ஓடிவந்து, "நீயும் ஒரு மனிசனோ" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டுவிட்டுத் தானே சேணத்தைத் தூக்கிக் குதிரையில் வைத்தா. அண்ணை சேண வாரை இறுக்கிக் கட்டினார். நான் உள்ளே போய்க் களிசானை மாட்டிக்கொண்டு, பெட்டியை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு ஏறினேன். தங்கையின் புருஷனைப் பின்னால் நடந்து வரச் சொன்னேன்.

தெருவைத் தாண்டி வெளிக்கு இறங்கினதும் எங்கும் தண்ணீர். குதிரை நின்றுவிட்டது. என் முழங்கால் இரண்டும் மேலே ஏறின. எனக்குத் தெரிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. நெரித்தேன். குதிரை பின்னுக்குப் போனது, தலையை ஆட்டியது. 'இறுக்காதை, மூச்சை விடு.' கண்ணை மூடினேன். மதிலில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தொடையைச் சேணத்தை விட்டுத் தூக்கினேன், மெல்ல விட்டேன். முழங்கால் கீழே, குதிக்கால் கீழே. குதிரை ஒரு பெருமூச்சு விட்டுத் தண்ணீருக்குள் காலை வைத்தது.

நடுவெளியில் இன்னொரு சோதனை. மேட்டு நிலமொன்றில் காட்டுக் குதிரைக் கூட்டம் மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவற்றைக் கண்டதும் என் குதிரை கனைத்தது. அவையும் பதிலுக்குக் கனைத்தன. தன் இனத்தைக் கண்டுவிட்டது, இனி என்னைக் கேட்குமா? அந்தப் பக்கம் திரும்பி ஓடப் பார்த்தது. அந்த இடத்தில் என் குதிக்கால் அதன் வயிற்றில் ஒரு தரம் தட்டியிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதமாட்டேன். தட்டவில்லை. கால் தொங்கின இடத்திலேயே கிடந்தது. வாரை ஒரு பக்கம் பிடித்து, அந்தப் பக்கத்துத் தொடையை மட்டும் மெல்லச் சாய்த்து, "வா ராசா, வா, அவளிட்டைப் போவம்" என்று அழுதுகொண்டே சொன்னேன். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மேற்கே திரும்பியது.

விளக்கு வைக்கிற நேரம் போய்ச் சேர்ந்தேன். தங்கை பாயில் கிடந்து மாமியாரின் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு, "வந்திட்டியோ" என்றாள், அவ்வளவுதான். தலை தெரிகிற நேரம் விரலை விட்டுப் பார்த்தேன். அதே கொடி, அதே கழுத்து. கொடியை விரலில் கோத்துத் தலைக்கு மேலால் எடுத்துவிட்டேன். பிள்ளை விழுந்தது, நீலமாகக் கிடந்தது. தடவினேன், ஊதினேன், உள்ளங்காலில் தட்டினேன். பிறகு கத்தியது. என்ன சத்தம்! பொம்பிளைப் பிள்ளை. தங்கை அப்போதுதான் அழுதாள். போன வருஷம் அழாததையும் சேர்த்து அழுதாள். நானும் அவளுடைய தலையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

விடிய அவள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பக்கத்தில் கிடந்தது. "என்னெண்டு அக்கா அவ்வளவு கெதியா வந்தனீ?" என்று கேட்டாள். குதிரையில் என்றேன். "அந்தாள் தரமாட்டார் எண்டெல்லே சொல்லியனுப்பினனீ?" நான் வாயைத் திறக்க முதல் நடைக்குள் நின்ற அவள் புருஷன் சொல்லிவிட்டான். மதில், முழம், பனை, எல்லாவற்றையும். கடைசியில், "நான் ஒண்டும் சொல்லேல்லை. மச்சாள்தான் தன்ரை வாயாலை குடுத்தவ" என்றான்.

குறுக்காலை போவான்! நான் அவனைப் பார்த்தேன். அவன் மறுபடியும் நிலத்தைப் பார்த்தான். அந்த ஆளுக்கு நிலத்தைப் பார்க்கத்தான் தெரியும்.

தங்கை கோப்பியைக் கீழே வைத்தாள். "ஆரைக் கேட்டுக் குடுத்தனீ?"

"ஆரைக் கேக்க நேரமிருந்தது? நீ இஞ்சை செத்துக்கொண்டு கிடந்தனீ."

"அப்பா எனக்கெண்டு எழுதினது. அந்தப் பனையள் இவளின்ரை சீதனமெல்லே" என்று பிள்ளையைக் காட்டினாள்.

"சீதனம் குடுக்க முதல் பிள்ளை வேணும். பிள்ளையைத் தந்திட்டன். மிச்சத்தை நீ பார்."

கோபத்தில் சொன்னதுதான், ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சேறு பட்ட களிசானைப் பார்த்தாள். "சனம் சொன்னது சரிதான். உனக்குக் குதிரை ஏற ஆசை. அதுக்கு என்ரை காணியைக் குடுத்திட்டாய்" என்று சொல்லிப் பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளுடைய வயிற்றை ஒரு தரம் அமத்திப் பார்த்து, இரத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்து, செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். பிறகு வந்த துடக்குக் கழிவுச் சடங்குக்கு அவர்கள் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

அன்றைக்கு நான் வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. குதிரையில் ஏறினேன். ஏறின உடனேயே கால் இறுகியது. மூச்சை விட்டுப் பார்த்தேன், தொடையைத் தூக்கிப் பார்த்தேன், மதிலை நினைத்துப் பார்த்தேன். மதிலை நினைத்தால் இன்னும் இறுகியது. குதிரை காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு துள்ளியது. இறங்கி, வாரைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீருக்குள் வீட்டுக்கு நடந்தேன். வழி முழுக்க அவளோடு சண்டை பிடித்துக்கொண்டு நடந்தேன், வாய்விட்டு.

படலைக்குக் கிட்ட வரும்போது கல்லோடு கல் மோதுகிற சத்தம் கேட்டது. அண்ணை எங்கள் பக்கம் நின்று மதில் அடுக்கிக்கொண்டிருந்தார். கயிறு கட்டி நேர் பார்த்து, பனைகளுக்கு எங்கள் வீட்டுப் பக்கத்தால், அரைவாசி எழுப்பியும் விட்டார். என்னைக் கண்டு கல்லைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"பிள்ளை தப்பிச்சுதோ?" என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார்.

"ஓம். பொம்பிளைப் பிள்ளை."

"கடவுளே, நல்லதாப் போச்சு" என்றார். வாரை நீட்டினேன். அவர் கையிலிருந்த கல்லை மதிலில் வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, வந்து குதிரையை வாங்கிக்கொண்டார்.